நான் கொடுக்காத லோடு

என் போனில் மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள் ஒருவர்கூடச் சொந்தப் பெயரில் இருந்ததில்லை. ஒருவர் சுரைக்காய், ஒருவர் பீர்க்கங்காய், கொஞ்சம் பெரிய மனிதராக இருந்தவர் பரங்கிக்காய். டீக்கடையில் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தாலும், இவன் யாரோ காய்கறிக்காரனிடம் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. உண்மையில் அவர்கள் நெல் அறுக்கும் மெஷினை ஓட்டுகிறவர்கள். ஒரு ஊரில் அறுப்பு முடிந்ததும் மெஷினை அடுத்த ஊருக்குத் தூக்கிப் போக லாரி வேண்டும். அந்த லாரி என்னுடையதாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதுதான் மூன்று வருடமாக என் தலைக்குள் ஓடிய ஒரே நினைப்பு.

எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். ஒற்றை வண்டிக்காரன். முதலாளியும் நானே, டிரைவரும் நானே. பத்துச் சக்கர லாரி சேஸை வாங்கி, பாடி கட்ட நாமக்கல் பட்டறையில் விட்டபோது, பக்கப் பலகை எதுவும் வேண்டாம், வெறும் தட்டாகப் போட்டுக் கொடுங்கள் என்றேன். பட்டறைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். தட்டு வண்டியில் மூட்டை ஏற்ற முடியாது, கோழித் தீவனம் ஏற்ற முடியாது. ஆனால் இரும்புத் தகடு, கம்பி, போர்வெல் வண்டிக்கான பைப்பு, மெஷின் எல்லாம் கிரேனில் இறக்கி அப்படியே வைத்துவிடலாம். ஆயிரம் பேர் பாடி கட்டின வண்டியோடு மூட்டைக்கு அடித்துக்கொள்கிற ஊரில் நான் தனியாக ஒரு வழி பார்த்தேன்.

போகிற லோடு யாருக்கும் கிடைக்கும். சேலத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. திரும்பி வரும்போது காலி வண்டியாக வந்தால், போனபோது சம்பாதித்ததை வரும்போது டீசல் குடித்துவிடும். ரிட்டன் லோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன்தான் வண்டியை வைத்துப் பிழைப்பான். மற்றவனெல்லாம் நாலு வருடத்தில் வண்டியை விற்றுவிட்டு, வாங்கினவனிடமே டிரைவராகப் போவான். அப்படிப் போனவர்கள் என் சொந்தத்திலேயே இரண்டு பேர்.

ஒரு தை மாதம் தஞ்சாவூர் தாண்டிக் கட்டுமானக் கம்பி இறக்கிவிட்டு, காலி வண்டியோடு ஒரு டீக்கடையில் நின்றேன். என் வெறும் தட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் ஓடி வந்தார். ஆத்தூர்க்காரர். அவருடையது டயருக்குப் பதில் செயின் போட்ட அறுப்பு மெஷின். ரோட்டில் ஓட்டினால் ரோடும் போகும், செயினும் போகும்.

"அண்ணா, மூணு நாளா லாரி கெடைக்காம இங்கயே கெடக்கறோம். திண்டிவனம் பக்கம் அறுப்பு ஆரம்பிச்சுட்டாங்க. கொஞ்சம் ஏத்திக்கோங்கண்ணா" என்றார்.

வாய்க்கால் கரை மேட்டை ஒட்டி வண்டியின் பின்பக்கத்தை நிறுத்தி, இரண்டு கட்டையைப் போட்டு மெஷினை ஏற்றினோம். அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. இந்த மெஷின்கள் எல்லாம் நம்ம ஆத்தூர்ப் பக்கத்தவை. நெல் எங்கே பழுக்கிறதோ அங்கே போகும். அங்கே முடிந்ததும் அடுத்த ஊர், கடைசியில் வீட்டுக்கு. ஆத்தூரில் இறக்கிவிட்டு அங்கிருந்து காலியாக வந்தாலும் கையைக் கடிக்காது. கமிஷன் கிடையாது, புரோக்கர் கிடையாது.

அதற்குப் பிறகு நான் ரோட்டைப் பார்த்து ஓட்டியதைவிட வயலைப் பார்த்து ஓட்டியது அதிகம். கதிர் தலை சாய்ந்து, இலை இன்னும் பச்சையாக இருந்தால் மூன்று வாரம். வயலே மஞ்சளாகிவிட்டால் மெஷின் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்; நான் ஐந்தாம் நாள் அங்கே இருக்க வேண்டும். மேட்டு வயல் முதலில், பள்ளத்து வயல் பிறகு. எங்கள் வீட்டில் நிலக்கடலையும் குச்சிக்கிழங்கும்தான். நெல்லைப் பற்றி நான் படித்ததெல்லாம் கேபினில் உட்கார்ந்து படித்தது.

படித்ததை எவனுக்கும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் வண்டி எடுக்கிறவனைப் பார்த்து 'எங்கே போகிறாய்' என்று கேட்கக் கூடாது. அது போகிற காரியத்துக்குத் தடை. 'தூரமா' என்றுதான் கேட்பார்கள். எல்லாரும் சாங்கியத்துக்காக அப்படிச் செய்கிறார்கள். நான் அதைப் பூட்டாக வைத்துக்கொண்டேன். தூரமுங்களா என்றால் பக்கந்தானுங்க என்பேன். பக்கமுங்களா என்றால் கொஞ்சம் தூரமுங்க என்பேன். தப்பித்தவறி எவனாவது எங்கே என்று கேட்டுவிட்டால், சகுனம் கெட்டுப் போனதாகச் சத்தம் போட்டு, சாவியைப் பிடுங்கி, இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். மறுபடி கேட்க மாட்டான்.

என்னை ஒருமுறைகூட எங்கே என்று கேட்காத ஆள் ஒருவர் இருந்தார். சங்ககிரி போகும் ரோட்டில் இருந்த லாரி புக்கிங் ஆபீஸ் மேனேஜர். இரும்பு லோடு அவர் மூலம்தான் வரும். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, குரல் உயராது. "தூரமுங்களா? செரிங்க, பாத்துப் போய்ட்டு வாங்க" என்பார். ஊரில் உள்ள புரோக்கர் அத்தனை பேரையும் நான் சந்தேகப்பட்டேன். அவரை மட்டும் சந்தேகப்படவில்லை. டோல்கேட்டில் பணம் தானாகக் கழிகிற ஸ்டிக்கர் கட்டாயம் என்று வந்தபோது என்னிடம் இருந்தது பட்டன் போன். அவர்தான், "நானே வாங்கி ஒட்டி உடறனுங்க, நீங்க எதுக்கு அலையறீங்க" என்று எல்லாம் செய்து கொடுத்தார். மாதம் ஒரு தடவை பணம் கொடுத்தால் அதில் போட்டும் விடுவார். நல்ல மனுசன் என்று என் மனைவியிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் வருடம் மெஷின்கள் தவற ஆரம்பித்தன. கம்பியை இறக்கிவிட்டு மன்னார்குடிப் பக்கம் போனால், வாய்க்கால் மேட்டில் வேறு வண்டியின் டயர் தடம்தான் இருக்கும். சுரைக்காய்க்குப் போன் போட்டால், "நேத்தே ஏத்திட்டாங்களேண்ணா, உங்க ஊர் வண்டிதான், நாமக்கல் போர்டு" என்றார். ஒரு தடவை என்றால் தற்செயல். அந்தப் பருவத்தில் நான்கு தடவை. ஒரு தடவை அங்கிருந்து வீடு வரைக்கும் காலியாக ஓட்டி வந்தேன். தட்டு கடகடவென்று ஆடுகிற சத்தம் வழி முழுக்க என்னைக் கேலி செய்துகொண்டே வந்தது. இன்னொரு பருவம் இப்படிப் போனால் வண்டி என் கையில் இருக்காது.

எவனோ என் லைனைப் பிடித்துவிட்டான். எவன்?

தட்டு வண்டி வைத்திருப்பவர்கள் எங்கள் சுற்று வட்டாரத்தில் விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி. என்னைப் பார்த்துத்தான் அவனும் தட்டாகக் கட்டினான். சேலத்தில் ஒரு தகடு வியாபாரியிடமிருந்து வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஓசூருக்கு லோடு. அவனுக்கு நிலையாக இருந்தது அது ஒன்றுதான். வாய் பேசத் தெரியாத பையன் என்று ஊரில் பெயர். ஊமை ஊரைக் கெடுக்கும் என்றும் அதே ஊர்தானே சொல்கிறது.

அவன் வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒரு நாள், அக்காவோடு உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் வண்டியைச் சுற்றி வந்தேன். எங்கள் மண் சிவப்பு. ஓசூர் ரோட்டில் ஒட்டினாலும் சிவப்புத்தான் ஒட்டும். அவன் வண்டி மட்கார்டுக்குள் மன்னார்குடிப் பக்கத்துக் கருப்புக் களி காய்ந்து வெடித்திருந்தது. சங்கிலி மாட்டும் கொக்கியில் வைக்கோல். ஒரு கற்றையே இழுத்து எடுத்தேன்.

உள்ளே போய், "என்ன மாப்ளே, எங்க ஓடிட்டு இருக்குது வண்டி?" என்று கேட்டேன்.

"ஓசூர்தானுங்க மாமா."

"ஓசூரு மட்டுந்தானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். "ஆமாங்க மாமா, ஓசூர்தானுங்க" என்றான்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் சிரிப்பு என்று முடிவு கட்டினேன். வைக்கோல் கற்றை என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து அவன் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் போட்டிருக்கலாம். அன்றைக்கே சண்டை வந்து அன்றைக்கே தீர்ந்திருக்கும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்குச் சாட்சி போதாது, அவன் தானாக வந்து வலையில் விழுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் புதன்கிழமை, சாப்பிடும்போது மனைவியிடம் சலித்துக்கொள்வது போலச் சொன்னேன். "விருத்தாசலம் தாண்டி ஏரிக்கரை ஊர் ஒண்ணுல மூணு மெஷின் வெள்ளிக்கெழம கெளம்புது. எனக்கு இரும்பு லோடு மாட்டிக்கிச்சு, போக முடியாது. வீணாப் போகுது பாரு." ஊர்ப் பெயரையும் சொன்னேன். அந்த ஊரை நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். இரண்டு நாள் முன்னால் அந்த வழியாக வந்தபோது நெல் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு எந்த மெஷினும் அங்கே எட்டிப் பார்க்காது.

அக்கா தம்பிக்குச் சொல்வாள் என்று தெரியும். சொன்னாள். அவன் வெள்ளிக்கிழமை ஓசூர் லோடை விட்டுவிட்டுக் காலி வண்டியோடு விருத்தாசலம் போனான். சனி முழுக்க ஊர் ஊராக விசாரித்தான். ஞாயிறு மத்தியானம் எங்கள் ஊர்ப் பிரிவு வழியாகக் காலியாகத் திரும்பினதை நான் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாழைக்காய் பஜ்ஜி இரண்டு கூடுதலாகத் தின்றேன். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அது ருசியாகத்தான் இருந்தது.

அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொண்டேன். தகடு வியாபாரி வெள்ளிக்கிழமை லோடை வேறு வண்டிக்குக் கொடுத்தவர், அதோடு அந்த வண்டியையே நிலையாக வைத்துக்கொண்டார். அதுவும் என் காதுக்கு வந்தது. பட்டால்தான் புத்தி வரும் என்றேன்.

ஆனால் அடுத்த தடவை நான் மன்னார்குடி போனபோதும் மெஷின் இல்லை. அது எனக்கு உறைத்தது. அந்த வாரம் அவன் வண்டி டயர் கழட்டி வீட்டில் நின்றுகொண்டிருந்தது, நானே பார்த்தேன். அப்படியானால் ஏற்றினவன் வேறு ஒருவன். அந்த வேறு ஒருவனுக்கு நான் வருகிற நாள் எப்படித் தெரிகிறது?

அந்தத் தடவை திரும்பும்போது திருச்சிக்கு முன்னால் டோல்கேட்டில் தடுப்புக் கம்பைத் தூக்கவில்லை. ஸ்டிக்கரில் ஏதோ பதிவு புதுப்பிக்கவில்லையாம். ஓரத்தில் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஸ்டிக்கர் ஆளிடம் அனுப்பினார்கள். அவர் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மெசேஜ் வந்திருக்குமே சார், பாக்கலையா?" என்றார்.

"எனக்கு ஒரு மெசேஜும் வந்ததில்லீங்க."

"ஒவ்வொரு டோல்கேட்டைத் தாண்டும்போதும் வருமே. எந்த டோல்கேட், எத்தனை மணின்னு எல்லாம் வரும்." போனைத் திருப்பிக் காட்டினார். பதிவான நம்பரின் கடைசி எண்கள் மட்டும் தெரிந்தன. அது போதும். பல வருடமாக லோடு கேட்டு நான் அடிக்கிற நம்பர் அது. மேனேஜருடையது.

குடை நிழலில் நின்றபடியே எனக்கு வியர்த்துவிட்டது. காய்கறிப் பெயர் என்ன, சகுனம் என்ன, தூரம் பக்கம் என்று நான் ஆடின ஆட்டம் என்ன! நான் ஒவ்வொரு டோல்கேட்டைத் தாண்டும்போதும் அந்த மனுசன் சட்டைப் பையில் டிங் என்று மணி அடித்திருக்கிறது. அவர் ஏன் எங்கே என்று கேட்கப் போகிறார்? அதற்குக் காசும் நானே மாதா மாதம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு கெட்டிக்காரனை எங்கள் தாலுகாவில் பார்க்க முடியாது.

நேராக ஆபீசுக்குத்தான் போனேன். கத்தினேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. நீங்க சொல்லுல, நாங் கேக்குல. மெசேஜ் வந்துச்சு, பாத்தேன். திரும்பத் திரும்ப அங்கயே போறீங்களே, என்னமோ இருக்குதுன்னு அங்க ஒரு ஆள வெச்சு விசாரிச்சேன். தொழில்தானுங்க."

"எம்பட மச்சினனையும் சேத்துக்கிட்டீங்க!"

இதற்கு மட்டும் அவர் லேசாகச் சிரித்தார். "அவரு மொதல்ல ஒத்துக்கவே இல்லீங்க. இது எங்க மாமா லைனாச்சுங்களே, நான் போக மாட்டேன்னாரு. எனக்கு அன்னைக்கு வேற வண்டி இல்ல. 'உங்க மாமாதாஞ் சொல்லி உட்டாரு, நீங்க கஷ்டப்படறீங்கன்னு இந்த லோடை உங்களுக்கு உட்டுக் குடுத்திருக்கறாரு, தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்க வேண்டாம்னாரு'ன்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க அவருக்கு."

நான் வந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன். ஓசூர்தானுங்க மாமா என்று அவன் தலையைக் குனிந்து சிரித்த சிரிப்பு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. விருத்தாசலம் போனதும் அதனால்தான். மாமா நேராகச் சொல்ல மாட்டார், அக்கா மூலமாகச் சொல்லியிருக்கிறார் என்று நம்பி, கையில் இருந்த வெள்ளிக்கிழமை லோடை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ஏனுங்க, எங்கிட்டப் பொய் சொன்னீங்க, அது போகட்டும். என்ர வாயில அந்தப் பொய்யை வெச்சு எந் தம்பிக்கு ஊட்டி உட்டீங்களே. இதை நீங்களே அவங்கிட்டச் சொல்லீரோணும். நாஞ் சொல்ல மாட்டேன்" என்றாள்.

இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஜேடர்பாளையம் போனோம். அணைக்கட்டில் குழந்தைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மீன் வறுக்கும் கடைக்கு முன்னால் நானும் அவனும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவனே பேச்சை எடுத்தான்.

"மாமா, வெள்ளிக்கெழம லோடு போயிருச்சுன்னு அக்கா வெசனப்படுது. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. அந்த ஊர்ல மெஷின் இல்லாமப் போச்சு, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. அதுக்கு முன்னால எத்தன லோடு எனக்கு உட்டுக் குடுத்திருக்கறீங்க."

ஆமாம் என்று சொல்லிவிட்டு மீனைத் தின்றிருக்கலாம். மேனேஜரோ மனைவியோ அவனிடம் சொல்லப் போவதில்லை. ஒரு நிமிடம் அந்த ஆசை எனக்கு இருந்தது; இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

"மாப்ளே, நான் உனக்கு எந்த லோடும் உட்டுக் குடுக்குல. அந்த மேனேஜர் சொன்னது பொய். நீ திருடறேன்னு நெனச்சேன். நான் உனக்குக் குடுத்தது அந்த விருத்தாசலம் ஒண்ணுதான். அங்க மெஷின் இல்லைன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவன் கையில் மீன் இருந்தது. அதை இலையில் வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், எனக்கு அது தேவையாகவும் இருந்தது. அவன் கோபப்படவில்லை.

"ஒரு வருசமா உங்கள எவ்வளவு பெருசா நெனச்சுட்டு இருந்தனுங்க மாமா" என்றான். பிறகு எழுந்து கை கழுவப் போனான்.

அவன் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. மரியாதையும் குறையவில்லை, மாமா என்றுதான் கூப்பிடுகிறான், 'ங்க' போட்டுத்தான் பேசுகிறான். ஸ்டிக்கரை என் நம்பருக்கு மாற்றிக்கொண்டேன். போனில் இருந்த காய்கறிகளுக்கெல்லாம் அவரவர் பெயரைப் போட்டேன். இந்தப் புரட்டாசியில் எனக்கு இரண்டு மெஷின் ஒரே நாளில் வந்தது. ஒன்றை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவன் வீட்டுக்கே போனேன். ஊர், மெஷின்காரர் பெயர், இறக்க வேண்டிய இடம், எல்லாவற்றையும் அவன் கேட்காமலே சொன்னேன்.

"செரிங்க மாமா, ரொம்ப சந்தோசமுங்க" என்றான். மெஷின்காரர் நம்பரைக் கேட்டு வாங்கினான். அப்படியே என் முன்னாலேயே போனைப் போட்டு, "ஏனுங்க, அங்க மெஷின் நெசமாலுமே இருக்குதுங்களா?" என்று கேட்டான்.